சைடு ப்ராஜெக்டுக்கு ஒரு கூட்டம் வேண்டும்

"பகல் பூரா கம்ப்யூட்டர்ல கோடு எழுதற. ராத்திரியும் உக்காந்து அதையேதான் எழுதற. இதுக்கு எவனாச்சும் காசு தர்றானா?"

கண்ணமங்கலத்தில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு சமயத்தில் இதைக் கேட்டிருக்கிறார்கள். "இல்லை" என்றால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அப்புறம் எதுக்கு ரயிலேறி விழுப்புரம், மெட்ராஸ்னு மீட்டிங்குக்கு வேற போற?" அது கட்சி மீட்டிங் என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. நானும் பெரிதாக மறுக்கவில்லை. கொஞ்ச நாள் மரியாதை கூடியது.

டீக்கடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இதற்குக் கிடையாது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். வெப் டெவலப்பர் வேலையில் இருக்கிற தம்பி தங்கைகளுக்கும், அவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிற வீட்டாருக்கும் சேர்த்தே இந்தப் பதிவு.

ஊர், வேலை

தெரியாதவர்களுக்கு: கண்ணமங்கலம், திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி வட்டத்தில் இருக்கும் ஒரு பேரூராட்சி. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் வரும். மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. அமிர்தி, படவேடு பக்கம் போகிறவர்களில் பலர் இங்கேதான் வண்டி மாறுவார்கள். காட்பாடி–விழுப்புரம் ரயில் பாதையில் எங்களுக்கென்று ஒரு ஸ்டேஷனும் உண்டு. இந்த ரயில் பாதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கொரோனாவில் ஊருக்கு வந்தவன், அப்படியே வீட்டிலிருந்தே வேலை என்று தங்கிவிட்டேன். ஆபீஸில் என் வேலை, ஒரு பெரிய இணையதளத்தில் பணம் கட்டும் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது. பட்டன் எங்கே இருக்க வேண்டும், தப்பான நம்பர் போட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது மாதிரியான விஷயங்கள். சோறு போடுகிற வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தைப் பயன்படுத்துகிற ஒரு ஆளைக்கூட நான் நேரில் பார்த்தது கிடையாது. எத்தனை பேர் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று வரைபடம் வரும். ஏன் போனார்கள் என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

சைடு ப்ராஜெக்டில் ஆள் நேராக வந்து சொல்லிவிடுவார். அதுதான் எனக்குப் பிடித்துப்போனது.

பஸ் நேரப் பக்கம்

எங்கள் பேருந்து நிலையத்தில் எந்த பஸ் போய்விட்டது, எது வரவில்லை என்பதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி, டீக்கடை அண்ணனைக் கேட்பது. "அண்ணா, படவேடு பஸ்ஸு போயிடுச்சா?" என்று கேட்டால், டீ ஆற்றுகிற கையை நிறுத்தாமலே பதில் சொல்வார். அவர் தலைக்குள் இருந்ததை ஒரு வெப் பக்கமாக எழுதினேன். அவ்வளவுதான் என் முதல் சைடு ப்ராஜெக்ட்.

ரியாக்ட், டேட்டாபேஸ் எதுவும் வைக்கவில்லை. பஸ் நேரம் எல்லாம் ஒரு ஜேசான் கோப்பில் இருக்கிறது. அதைப் படித்துக் காட்ட ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம். கிட்ஹப் பேஜஸில் வைத்திருப்பதால் சர்வர் செலவு இல்லை. அமிர்தி பக்கம் மலையேறினால் சிக்னல் போய்விடும் என்பதால், சர்வீஸ் வொர்க்கர் போட்டு ஒருமுறை திறந்த பக்கத்தை போனிலேயே சேமித்துவைக்கும்படி செய்தேன். நெட் இல்லாவிட்டாலும் பக்கம் திறக்கும்.

டீக்கடை அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். ஊர்ப் பெயர்ப் பட்டியலை மேலும் கீழும் தள்ளினார். "இன்னாப்பா இது, அனந்தபுரம் மேல இருக்குது, அமிர்தி கீழ இருக்குது? நாங்க படிச்ச காலத்துல ம-னாவுக்கு அப்புறந்தான் ன-னா வரும்" என்றார்.

அவர் சொன்னது சரி. க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்றுதான் நாம் மனப்பாடம் செய்தோம். ஆனால் யூனிகோடில் தமிழுக்குக் கொடுத்திருக்கிற இடத்தில் ந-வுக்குப் பக்கத்திலேயே ன உட்கார்ந்திருக்கிறது. ர-வுக்கு அடுத்து ற. பிறகு ல, ள, ழ, வ என்று போகிறது. காரணம் பழையது. யூனிகோடின் இந்திய எழுத்துப் பகுதிகள் 1988-இன் இஸ்கி குறியீட்டை ஒட்டி அமைந்தவை. இஸ்கியோ இந்திய மொழிகள் எல்லாவற்றையும் தேவநாகரி வரிசையை அடியாக வைத்து ஒரே சட்டத்தில் பொருத்தியது. தமிழின் ன, ற, ழ எல்லாம் தங்களுக்கு நெருங்கிய எழுத்துகளின் பக்கத்தில் போய் நின்றன. ஜாவாஸ்கிரிப்டில் வெறுமனே வரிசைப்படுத்து என்றால், அது எழுத்தைப் பார்க்காமல் இந்த எண்களைத்தான் ஒப்பிடும்.

இதற்கு வழி பிரவுசரிலேயே இருக்கிறது. 'இன்டல் கொலேட்டர்' என்ற வசதிக்கு மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் தமிழ் அகரவரிசையில் அடுக்கிக் கொடுக்கும். ஒரே வரிதான். ஆனால் எத்தனை தமிழ் இணையதளங்களில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று இறங்குகிற பட்டியல்கள் இன்னும் அந்த எண் வரிசையிலேயே நிற்கின்றன என்று பாருங்கள். அவற்றை எழுதியவர்கள் யாருக்கும் ஒரு டீக்கடை அண்ணன் வாய்க்கவில்லை போலிருக்கிறது.

சொல் விளையாட்டு

இரண்டாவது, என் அக்கா பொண்ணுக்காகச் செய்தது. வேர்டில் விளையாட்டு உலகமெல்லாம் பரவியிருந்த நேரம். அதுவும் ஒரு சைடு ப்ராஜெக்ட்தான். ஜோஷ் வார்டில் என்ற மென்பொருள் பொறியாளர் தன் துணைவிக்காக எழுதினார். 2021 அக்டோபரில் எல்லாருக்கும் திறந்துவிட்டார். 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கிவிட்டது.

"மாமா, தமிழ்ல இது வராதா?" என்று அவள் கேட்டாள். வரும். ஆனால் முதல் படியிலேயே முட்டியது. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. அக்கா பொண்ணு மூன்று என்கிறாள். விளையாடப்போவது அவள்தான் என்பதால் அவள் கணக்கே செல்லும்.

இதற்கும் 'இன்டல் செக்மென்டர்' என்று ஒன்று வந்துவிட்டது. கண்ணால் பார்க்கிற எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும். குரோமில் 2020-இலேயே வந்தது, ஃபயர்ஃபாக்ஸுக்கு 2024 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. க்ஷ மட்டும் இன்னும் தகராறு. நாம் ஒன்றாக எழுதுவதை அது க், ஷ என்று இரண்டாக வெட்டுகிறது. பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பாடு குறைவு. முத்து அண்ணாமலை முன்னின்று தொடங்கிய 'ஓப்பன் தமிழ்' நிரல் தொகுப்பு எழுத்துகளைப் பிரித்துக் கொடுத்துவிடும். தமிழிலேயே நிரல் எழுதுவதற்கான 'எழில்' மொழியை உருவாக்கியவரும் அவர்தான். அவை இரண்டும்கூட யாரும் சம்பளம் கொடுத்து எழுதச் சொன்னவை அல்ல.

கூட்டம் எதற்கு?

பஸ் பக்கத்தில் வந்த அகரவரிசைச் சண்டையைப் பற்றி ஒரு மீட்டப்பில் ஐந்து நிமிடம் பேசினேன். லைட்னிங் டாக் என்பார்கள். பெயர் கொடுத்தால் போதும், ஐந்து நிமிடம் உங்களுடையது. மணி அடித்தால் இறங்கிவிட வேண்டும். மேடை பயம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பயம் முழுசாகப் பிடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும்.

உண்மையான விஷயம் அதற்குப் பிறகு டீ இடைவேளையில் நடந்தது. ஒருவர் வந்து செக்மென்டரைப் பற்றிச் சொன்னார். நான் அதுவரை எழுத்து பிரிக்கக் கையால் நீளமாக ஒரு நிரல் வைத்திருந்தேன், அதைத் தூக்கிப் போட்டேன். இன்னொருவர், "வயசானவங்க எழுத்தைப் பெருசாக்கிப் பாப்பாங்களே, அப்ப உங்க டேபிள் ஒடையுமா?" என்று கேட்டார். பார்வைக் குறைபாடு உள்ள ஒரு தோழர் தன் போனின் ஸ்க்ரீன் ரீடரில் என் பக்கத்தை ஓடவிட்டுக் காட்டினார். பஸ் நேரம் வெறும் எண்களாக ஒலித்தது, எந்த ஊருக்கு என்றே விளங்கவில்லை. டேபிளின் தலைப்புக் கட்டங்களை முறையாகக் குறித்தால் போதும் என்று அங்கேயே உட்கார்ந்து திருத்தினோம். பேச்சு ஐந்து நிமிடம், திருத்தம் ஒரு மாலைப்பொழுது முழுவதும். ஆபீஸில் இப்படி மூன்று பேரை ஒரே நாளில் பிடிக்க வேண்டுமென்றால் மூன்று மேனேஜரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

யூடியூபில் எல்லாப் பேச்சும் கிடைக்கிறதே, நேரில் எதற்குப் போக வேண்டும் என்பார்கள். பேச்சு மட்டும் வேண்டுமென்றால் போக வேண்டாம். உங்கள் நிரலை இன்னொருவர் கையில் கொடுத்து அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் போகத்தான் வேண்டும்.

நம் பக்கத்துக் கூட்டங்கள்

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் புதிதல்ல. சென்னை லினக்ஸ் பயனர் குழு, ஐஎல்யூஜிசி என்று சொல்வோமே, அது 1998-இல் தொடங்கியது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில், விமானப் பொறியியல் துறையில் கூடுவது பல வருட வழக்கமாக இருந்தது. அனுமதிச் சீட்டு, கட்டணம் எதுவும் இல்லை. இன்று சென்னை ஐடி துறையில் நரைத்த தலையோடு இருக்கிற பலர் லினக்ஸ் நிறுவக் கற்றது இப்படிப்பட்ட அறைகளில்தான்.

பெரிய மாநாடுகளும் வந்தன. பைத்தான்காரர்களுக்கான பைகான் இந்தியா 2009-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கியது. பத்து ஆண்டுகள் கழித்து 2019 அக்டோபரில் சென்னை வர்த்தக மையத்துக்கு வந்தது. ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்காக ஹேஸ்கீக் நிறுவனம் ஜேஎஸ்ஃபூ மாநாட்டை 2011-இல் பெங்களூரில் தொடங்கியது. பேச்சாளர் யார், தலைப்பு என்ன என்று அன்று காலையில் வந்தவர்களே முடிவு செய்துகொள்ளும் பார்கேம்ப் முறை 2005-இல் கலிபோர்னியாவில் பிறந்தது. அடுத்த ஆண்டே சென்னையில் நடத்திவிட்டார்கள்.

மாநாடு என்றால் போண்டா, பேச்சு, பை என்று முடிந்துவிடும் என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. இப்போது இதை நான் தட்டிக்கொண்டிருப்பது தமிழ்99 விசைப்பலகையில். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி முடிவாகி, அதே ஆண்டில் தமிழக அரசு தரமாக அறிவித்த அமைப்பு அது. அதில் 'அம்மா' என்று எழுத நான்கு விசை போதும். மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். யாரோ சிலர் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து விவாதித்ததால் என் விரல்களுக்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் வேலை மிச்சமாகிறது.

த. சீனிவாசனும் நண்பர்களும் நடத்தும் கணியம் இன்னொரு உதாரணம். 2012-இல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் மின்னிதழாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டில் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் வந்தது. எழுத்தாளர்களிடம் கேட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமையில் புத்தகங்களை வாங்கி, கிண்டில், போன், கணினி என எல்லாவற்றுக்கும் ஏற்ற வடிவங்களில் இலவசமாகத் தருகிறார்கள். விக்கிமூலத்தில் ஸ்கேன் செய்த பழைய தமிழ்ப் புத்தகங்களை எழுத்தாக மாற்றுவதற்குக் கூகுளின் எழுத்துணரியைப் பயன்படுத்தும் ஒரு நிரலையும் சீனிவாசன் எழுதினார். அந்த நிரல் பக்கங்களை எழுத்தாக்கியது, பிழை திருத்தியது தன்னார்வலர்கள். ஆளில்லாமல் நிரல் மட்டும் இருந்திருந்தால் கிட்ஹப்பில் தூங்கியிருக்கும்.

நான் சொல்ல வந்ததே இதுதான். சைடு ப்ராஜெக்ட் தொடங்குவதற்கு ஒரு ஆள் போதும். பிழைத்துக் கிடப்பதற்கு ஒரு கூட்டம் வேண்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் லினக்ஸைப் பற்றி முதலில் அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்றுதான் சொன்னார். அதே அறிவிப்பில், என்னென்ன வேண்டும் என்று மற்றவர்களிடம் கேட்டும் இருந்தார். அந்தக் கேள்விதான் லினக்ஸை வளர்த்தது. கைடோ வான் ரோசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுது போகாமல் பைத்தானைத் தொடங்கினார். அதே மொழிக்கு இன்று நாடு நாடாக மாநாடு நடக்கிறது.

விழுப்புரம் காட்டிய வழி

இப்போது அந்த ரயில் பாதைக்கு வருவோம். கண்ணமங்கலத்தில் ஏறினால் ஆரணி ரோடு, போளூர், திருவண்ணாமலை, திருக்கோவிலூர் தாண்டி விழுப்புரம். அங்கே ஒரு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, விஜிஎல்யூஜி என்பார்கள். சுற்றுவட்டார மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லித்தருகிறார்கள். 2023 ஜனவரி கடைசியில் டெபியன் இயங்குதளத்துக்கான மினி டெப்கான்ஃப், தமிழ்நாட்டில் விழுப்புரத்தில்தான் நடந்தது. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ நடக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கொச்சியில் உலக டெப்கான்ஃப் கூடியது, இந்தியாவில் முதல் முறையாக.

உலகம் முழுக்க சர்வர்களில் ஓடுகிற ஒரு இயங்குதளத்தின் மாநாட்டை விழுப்புரத்து இளைஞர்கள் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். நமக்கு ஐடி பார்க் இல்லை, ஏசி ஹால் இல்லை என்று நாம் சொல்கிற காரணமெல்லாம் அன்றோடு செல்லாமல் போய்விட்டது.

சென்னை, பெங்களூரு மாநாட்டுக்குப் போவதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. டிக்கெட், ரயில், தங்குமிடம் என்று சேர்த்தால் இங்கே ஒரு கல்லூரிப் பிள்ளைக்கு அது கனவுச் செலவு. பெரிய மாநாடுகள் பலவற்றில் பேச்சாளருக்கு டிக்கெட் இலவசம். மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிற மாநாடுகளும் உண்டு. கேட்பதற்குக் கூச்சப்பட்டுப் பலர் விட்டுவிடுகிறார்கள். தன்னார்வலராகப் பெயர் கொடுப்பது இன்னும் நல்ல வழி. வரவேற்பு மேசையில் பேட்ஜ் எடுத்துக் கொடுக்கிற வேலையில் எல்லாரையும் பார்த்துவிடலாம். அங்கே பழகிய ஒருவர் மூலமாகத்தான் என் பழைய வேலை ஒன்று கிடைத்தது.

தொடங்குகிறவர்களுக்கு

சின்னதாகத் தொடங்குங்கள். உங்கள் தெருவில் ஒருவருக்குப் பயன்பட வேண்டும், அவர் குறை சொல்ல நேரில் வர வேண்டும். ஆரணியில் பட்டு நெசவு செய்கிற வீட்டுப் பிள்ளையா? கூலிக் கணக்கு எழுத ஒரு பக்கம் செய்யுங்கள். ஜமுனாமரத்தூர்க்காரரா? உங்கள் ஊர்ப் பெயர்களை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் தமிழில் சேருங்கள். நிரல் எழுதவே தேவையில்லை. அதுவும் சைடு ப்ராஜெக்ட்தான்.

வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேலையின் பகுதியாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதலாளிக்குச் சொந்தம். நிரலும் அதில் அடங்கும். சில ஒப்பந்தங்கள் அதைத் தாண்டியும் கேட்கும். ஆகவே ஆபீஸ் லேப்டாப்பில், ஆபீஸ் நேரத்தில் உங்கள் சைடு ப்ராஜெக்டைத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஹெச்ஆரிடம் எழுத்தில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் கோப்பு ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிட்டாலே கட்டற்ற மென்பொருள் ஆகிவிடாது. உரிமம் எதுவும் சொல்லவில்லை என்றால் முழு உரிமையும் உங்களிடமே இருக்கிறது, இன்னொருவர் தொட முடியாது. எம்ஐடியோ ஜிபிஎல்லோ, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு ரீட்மீ எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு ஆளுக்கும் அனுமதி கொடுத்துவையுங்கள். எங்கள் பஸ் பக்கத்தின் நேரங்களை இப்போது திருத்துவது நான் இல்லை, டீக்கடை அண்ணனின் மகன். பாலிடெக்னிக்கில் படிக்கிறான். என்னைவிட ஒழுங்காகச் செய்கிறான்.

கண்ணமங்கலம், ஆரணி, போளூர், வேலூர் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழுப்புரத்தால் முடிந்தது நம்மாலும் முடியும். ஒரு கல்லூரி வகுப்பறையோ நூலகத்தின் ஓர் அறையோ, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் போதும். ப்ரொஜெக்டர் இல்லாவிட்டால் லேப்டாப்பைச் சுற்றி உட்காரலாம். செய்ததைக் காட்டுங்கள், பாதியில் நிற்பதையும் காட்டுங்கள். இடம் தர முடிந்தவர்களும் வர விரும்புகிறவர்களும் பின்னூட்டத்தில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதுங்கள். முதல் கூட்டத்துக்கு டீ செலவு என்னுடையது.